மாண்டிசோரிப் பெட்டியில் தமிழெழுத்துக்கு இடம் உண்டா?

பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்று எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இரண்டு மாண்டிசோரி அமைப்புகளுக்குள் இந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு எழுந்தது. அது ஒரு கல்வி முறையைக் குறிக்கும் பொதுச்சொல், தனி உரிமை கிடையாது என்று 1967லேயே முடிவாகிவிட்டது. ஆகவே நல்ல பள்ளியும் எழுதலாம், வாடகை வீட்டின் முன்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டவரும் எழுதலாம். நான் பாத்திர வியாபாரி. எவர்சில்வர் என்று சொல்லி வருகிற சரக்கில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். இங்கேயும் அதையே செய்யப் பார்க்கிறேன். காந்தம், அம்மையாரே எழுதிய புத்தகம்.

அதற்கு ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ என்று பெயர். ‘உறிஞ்சும் மனம்’ என்று தமிழில் சொல்லலாம். 1949ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் பதிப்பகம் வெளியிட்டது. நம் சங்கத்தார் கவனிக்க வேண்டிய செய்தி, அதிலுள்ள சொற்பொழிவுகள் நிகழ்ந்தது இந்த அகமதாபாத்தில் என்பது. உலகம் முழுக்கப் படிக்கிற நூல் நம் ஊரில் பேசப்பட்டு, நம் தாய்மாநிலத்தில் அச்சாகியிருக்கிறது. அம்மையார் 1939 நவம்பரில் அடையாறு வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மாரியோவைச் சிறைக்காவலில் வைத்தார்கள். அம்மையாரின் 70ஆவது பிறந்த நாளை ஒட்டி, அதே ஆண்டு ஆகஸ்டில், வைஸ்ராய் அவரை விடுவித்தார். போர் முடிகிறவரை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பெரும்பாலும் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் ஓய்ந்தபின் அகமதாபாத்தில் நடந்த பயிற்சி வகுப்பின் உரைகள்தான் இந்த நூலுக்கு அடிப்படை. பிறகு அவரே இத்தாலிய மொழியில் திருத்தி எழுதினார். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் திருத்திய பதிப்பின் ஆங்கிலம்.

நூலின் சாரம் இதுதான். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் நம் மனம் போல வேலை செய்வதில்லை. நாம் ஒன்றைப் படித்து நினைவில் வைக்கிறோம். குழந்தை சுற்றியிருப்பதை அப்படியே உள்ளே இழுத்து, அதைக்கொண்டு தன்னையே கட்டிக்கொள்கிறது. முதல் மூன்று ஆண்டு தனக்கே தெரியாமல். அடுத்த மூன்று ஆண்டு கையால் தொட்டு, தூக்கி, ஊற்றி, அடுக்கித் தெரிந்துகொண்டு. இதற்கு அம்மையார் காட்டும் பெரிய சாட்சி பேச்சு. எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியை யாரும் பாடமாக நடத்தவில்லை. இலக்கணம் சொல்லவில்லை. மூன்று வயதில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் தப்பாமல் பேசுகிறது. ‘பாட்டிக்கு’ என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு நான்காம் வேற்றுமை என்றால் என்னவென்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. அசல் மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கும். காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணி அடிக்காது. எந்த வேலை வேண்டுமோ அதைக் குழந்தையே அலமாரியிலிருந்து எடுத்து, பாய் விரித்துச் செய்து, திருப்பி அதே இடத்தில் வைக்கும். ஒவ்வொரு சாதனமும் ஒன்றுதான் இருக்கும். இன்னொரு பிள்ளை வைத்திருந்தால் காத்திருக்கணும். ஆசிரியை ஒருமுறை செய்து காட்டி ஒதுங்கிவிடுவார்.

அந்தச் சாதனங்களைப் பார்த்தால் வியாபாரிக்கு வாய் ஊறும். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று 10 கனசதுரக் கட்டைகள். சின்னது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. நீளத்தில் 10 மடங்கு, கன அளவில் 1000 மடங்கு. குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஆனால் கை அறிகிறது. ஒரு மணி, பத்து மணி கோர்த்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று தங்கநிற மணிகள். ஆயிரம் என்றால் எவ்வளவு கனம் என்று நாலரை வயதுப் பிள்ளை தூக்கிப் பார்த்துச் சொல்லும். நான் கடைக்கு வந்த புதிதில் கிராம் கணக்கு எனக்குப் பிடிபட்டது படிக்கல்லைத் தூக்கியபிறகுதான். குமிழ் வைத்த உருளைகளைக் குழியில் பொருத்தும் கட்டையில் ஒன்றைத் தப்பாகப் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். ஆசிரியை ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியதே இல்லை, சாதனமே சொல்லிவிடும். தராசு மாதிரி.

இதெல்லாம் பலன் தருகிறதா? அமெரிக்காவில் மில்வாக்கி நகரில், குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2006ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஐந்து வயதில் வாசிப்பு, கணக்கு, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் மூன்றிலும் இடம் கிடைத்தவர்கள் முன்னே இருந்தார்கள். அதைச் செய்த லில்லார்ட் அம்மையார் 2012ல் இன்னொன்று வெளியிட்டார். அசல் சாதனங்களை மட்டும் வைத்த வகுப்பு, வேறு பொருள்களையும் கலந்த வகுப்பு, சாதாரண வகுப்பு மூன்றையும் பார்த்ததில் அசல் வகுப்புப் பிள்ளைகளின் முன்னேற்றம் கூடுதல். கலப்படம் கலப்படம்தான்.

கலப்படம் நம் ஊரில் புதிதும் அல்ல. காந்தியடிகள் 1931 அக்டோபரில் லண்டன் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில், அம்மையார் முன்னிலையிலேயே பேசினார். 1915ல் குஜராத்தின் அம்ரேலியில் இந்த முறையில் நடந்த சிறு பள்ளியைத் தான் பார்த்ததைச் சொன்னார். உண்மையான முயற்சிதான், ஆனால் ஜிகினா அதிகம் என்பது அவர் கருத்து. இந்த முறை ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும் என்ற கவலையையும் அங்கே வைத்தார். அது நியாயமான கவலை. ஏனென்றால் 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியதே கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக. அவை வீட்டில் கிடந்து சுவரைக் கெடுக்கின்றனவே என்று கட்டட முதலாளிகள் கவலைப்பட்டதில் பிறந்த ஏற்பாடு. இன்று அந்தப் பெயரோடு வரும் கட்டண ரசீதைப் பார்த்தால் சான் லொரென்சோக்காரர் யாரும் வாசலில்கூட நிற்க முடியாது.

கட்டணம்கூடப் போகட்டும். காந்தம் ஒட்ட மறுக்கிற முக்கியமான இடம் மொழி. எனக்குத் தெரிந்த குடும்பத்தின் இரண்டரை வயதுக் குழந்தையை இந்தப் பெயர் வைத்த ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். கோபுரக் கட்டை இருந்தது, மணிகளும் இருந்தன. ஒரு மாதம் கழித்து, “வீட்டில் தமிழ் பேசாதீங்க, குழந்தை குழம்புது, இங்கிலீஷ்லயே பேசுங்க” என்று சொல்லி அனுப்பினார்களாம். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அந்த வீட்டில் சில நாள் பாட்டி பேரனோடு பேசவே கூச்சப்பட்டார். அம்மையாரின் நூலை ஒரு தடவை புரட்டியவர்கூட இப்படிச் சொல்லியிருக்க முடியாது. வீட்டு மொழியைக் குழந்தை உறிஞ்சி எடுப்பதுதான் நூலின் முதல் தூண். அதைப் பிடுங்கிவிட்டு மரக்கட்டையை வாங்கி வைப்பதற்கு எதற்கு மாண்டிசோரி? மேலும், சுற்றுப்புறத்தில் இரண்டு மொழி வாழ்ந்தால் குழந்தை இரண்டையும் எடுத்துக்கொள்ளும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வாசலில் குஜராத்தியும் குழப்பமில்லாமல் பேசுவதை மூன்று தலைமுறையாகப் பார்க்கிறோமே.

இதில் நமக்குள்ள பங்கையும் சொல்லத்தான் வேண்டும். மணிநகரில் இருந்த தமிழ்வழிப் பள்ளி, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து, 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுதலாம், பிள்ளைகளை யார் அனுப்புவது? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் அல்லது வட்டார மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. வெளிமாநிலத் தமிழர்க்கு அந்த ‘அல்லது’தான் கிடைக்கும். ஆகவே ஆறு வயதுக்குள் தமிழ் எங்கே வாழும் என்றால் அடுப்படியிலும் ஊஞ்சலிலும்தான்.

மாண்டிசோரியைத் தாய்மொழிக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஜிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். பாவ்நகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் 1920ல் பால்மந்திரைத் தொடங்கினார். இன்றும் குஜராத்தில் மழலையர் பள்ளிக்குப் பால்மந்திர் என்றுதானே பேர். பிள்ளைகள் ஒட்டிக்கொண்டதால் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தார்கள். அம்மையாரின் முறையை அவர் குஜராத்தியில் நடத்தினார். அதோடு ஒரு பெரிய திருத்தமும் செய்தார். அம்மையாருக்குக் கற்பனைக் கதைகள் மேல் நம்பிக்கை குறைவு. சின்னக் குழந்தைக்கு முதலில் நிஜ உலகம் போதும், பேய்க்கதையும் தேவதைக் கதையும் பிறகு பார்க்கலாம் என்பார். ஜிஜுபாய் கதையைத்தான் முன்னால் வைத்தார். தமிழில் ‘பகல் கனவு’ என்று வந்திருக்கும் அவருடைய நூலில், புது ஆசிரியர் அடங்காத வகுப்பைப் பிடிப்பதே கதை சொல்லித்தான். என் ஓட்டு இதில் ஜிஜுபாய்க்கு. நிஜமும் கதையும் வேறுவேறு என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். நரி பேசியது என்று கேட்டுச் சிரிக்கும், தெருநாயிடம் பதில் எதிர்பார்க்காது. அம்மையார் 1939 நவம்பரில் இந்தியா வரும்போது ஜிஜுபாய் காலமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், பிற்காலத்தில் மகாராஷ்டிரத்தின் கோஸ்பாட் பழங்குடிப் பகுதியில் கூழாங்கல்லும் இலையும் விதையுமாக இதே வேலையைச் செய்தார். சாதனம் வாங்கப் பணம் இல்லை என்று யாரும் சொல்லாமல் இருக்க அந்த ஒரு பெயர் போதும்.

அம்மையாரிடம் எனக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்தியர்களுக்கு உயிர்களிடத்துள்ள மதிப்பு மிருகங்கள் வரை நீள்கிறது, இது குழந்தையிலேயே ஊறினால்தான் உண்டு, வளர்ந்தவருக்கு இது வராது என்று நூலில் ஓரிடத்தில் சொல்கிறார். எறும்புக்கு மாவு தூவும் வீடுகளும் பாஞ்சராப்போலும் உள்ள இந்த ஊரில் பேசியவர் வேறெப்படிச் சொல்வார்! சமணக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இது இனிக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விரதங்களை வளர்ந்தபின் மனமறிந்து ஏற்றவர்களால்தான் எங்கள் மரபே நிற்கிறது. பேச்சிலும் அப்படித்தான். எட்டு வயதில் சென்னையிலிருந்து வந்த பிள்ளை ஒரு வருஷத்தில் தெருவில் குஜராத்தியில் சண்டை போடுகிறது. இளமையில் சுலபம் என்பது சரி. ‘அப்புறம் வராது’ என்பது மிகை. இந்த மிகையைத்தான் இன்றைய விளம்பரங்கள் காசாக்குகின்றன. மூன்று வயதுக்குள் சேர்க்கலைன்னா போச்சு என்று தாயைப் பயமுறுத்தினால் தாய் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வாள்?

இனி தலைப்புக்கு வருகிறேன். மாண்டிசோரிப் பள்ளியில் எழுத்து வருவது கண் வழியாக அல்ல, விரல் வழியாக. உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்தைக் குழந்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். இது நமக்கு அந்நியமா? நெல்லிலும் மணலிலும் விரல் பிடித்து எழுத வைத்த ஊர் நம்முடையது. 1790களில் சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் புகுத்தி, இங்கிலாந்து வரை கொண்டுபோனார். ‘பள்ளி’ என்ற சொல்லே முதலில் சமண முனிவர் தங்கிய இடத்தைக் குறித்தது என்பதையும் ஆசைக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் பழம்பெருமை பேசி முடிக்க முடியாது. திண்ணையில் மணல் இருந்தது, கூடவே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. வேண்டும்போது எடுத்து வேண்டியமட்டும் தடவிப் பார்க்கிற உரிமை குழந்தைக்கு அங்கே இல்லை. அதைத் தந்தது அம்மையார்தான்.

தடவிப் பழகியபின் வெட்டிய எழுத்துக்கள் அடங்கிய பெட்டி வரும். பென்சில் பிடிக்கும் முன்பே, தன் மனத்திலுள்ள சொல்லை எழுத்தாக எடுத்து அடுக்கும். எழுதுவது முன்னே, வாசிப்பது பின்னே. இந்த ஏற்பாடு இத்தாலிய மொழிக்குச் செய்தது. அங்கே எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் சண்டை இல்லை. ஆங்கிலத்தில் ‘கேட்’டுக்கும் ‘சிட்டி’க்கும் ஒரே முதலெழுத்து. அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கே தனிப் பாடம் வேண்டியிருக்கிறது. தமிழில்? பக்கம், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறதே என்று கேட்பார்கள். இரட்டித்தால் வல்லெனவும், மெல்லெழுத்துக்குப் பின் ஒரு விதமாகவும், உயிர்களின் நடுவில் மென்மையாகவும் ஒலிக்கிறது. ஒழுங்கு மாறவில்லை. தமிழ் பேசும் குழந்தை இதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறது. ஆகவே இந்த முறைக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே பொருத்தம் என்பது என் துணிபு.

தொல்லை வேறிடத்தில். ஆங்கிலப் பெட்டிக்கு 26 அறை போதும். நமக்கு 247 எழுத்து. தச்சரிடம் சொன்னால் ஓடிவிடுவார். ஆனால் கூட்டிப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகரமேறிய உயிர்மெய் 18. இகர ஈகார வரிசையில் குறி எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்வதால் தனியே வெட்ட முடியாது, அது 36. உகர ஊகாரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், அது 36. மற்ற ஏழு வரிசைக்கும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்ற நான்கே துண்டு போதும். கொ என்பதற்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். ஔகாரத்துக்குக் கொம்பும், ளகரம் போன்ற துண்டும். ளகரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆக 125. ஙகர வரிசையில் பயன்படாத நான்கைத் தள்ளினால் 121. இது சாத்தியமானது 1978 எழுத்துச் சீர்திருத்தத்தால். நான் பள்ளியில் படித்த ‘லை’ துதிக்கை தூக்கிய யானை போல இருக்கும். றா, னா, ணா எல்லாம் சுருண்டிருக்கும். அந்த 13 எழுத்தும் நேரானதால்தான் காலும் கொம்பும் தனித் துண்டாகக் கழன்று வந்தன. (ஜ, ஷ, ஸ, ஹ கணக்கில் இல்லை. என் பேரன் பெயரே ஜகரத்தில் தொடங்குவதால் வீட்டுப் பெட்டிக்கு ஓர் அறை கூடும்.)

இதில் ஓர் அழகைக் கவனித்தேன். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வருவது க் என்ற ஒலி, ஆனால் எழுதும்போது கொம்பு முதலில். பேனா பிடிக்கிற பிள்ளை ஒலியைத் தலைகீழாக யோசிக்கணும். பெட்டியில் அப்படி இல்லை. முதலில் ககரத்தை வைக்கலாம், பிறகு கொம்பை எடுத்து அதன் இடப்பக்கம் செருகலாம். ஒலியின் வரிசையிலேயே கை போகும். நம் எழுத்துக்கென்றே இந்தப் பெட்டி பிறந்ததோ என்று தோன்றுகிறது.

இன்னொரு கேள்வியை அம்மையார் எதிர்கொள்ளவே இல்லை. நம் குழந்தை உறிஞ்சியிருப்பது பேச்சுத் தமிழ். ‘தண்ணி’, ‘வந்தாங்க’, ‘பளம்’ என்றுதான் அடுக்கும். நூல் வழக்கு வேறு. உடனே ‘தண்ணீர்’ என்று திருத்தினால் தன் வாயிலுள்ளதும் பெட்டியிலுள்ளதும் வெவ்வேறு மொழி என்று அதற்குத் தோன்றிவிடும். வெளிமாநிலத்தில் அந்தத் தோற்றம் வந்த பிள்ளை தமிழை விட்டே ஓடும். முதலில் அடுக்குகிற சொல்லைத் திருத்தாதே என்பது அம்மையாரின் பொது விதி. நமக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். ‘தண்ணி’ இருக்கட்டும். கதைப் புத்தகத்தில் ‘தண்ணீர்’ என்று நாலு தடவை பார்த்தால் தானே கேட்கும், “தாத்தா, இதுல ஏன் ர் இருக்கு?” என்று.

நான் தேடிய கடைகளில் தமிழ் உயிரெழுத்து அட்டை கிடைத்தது, அடுக்கும் பெட்டி கிடைக்கவில்லை. நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன். துண்டு ஒவ்வொன்றும் மூன்று விரற்கடைக்குக் குறையக் கூடாது, சின்னப் பிள்ளை வாயில் போடும். மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியே செய்யாமல் எழுத்தோடு சேர்த்தே வெட்டச் சொன்னதும் அதற்காகத்தான். ட, ப, ம மூன்றும் நேர்கோடாக வெட்ட வருவதால் அவற்றில் ஆரம்பிக்கலாம். இரண்டு மெய்யைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் நான்கும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அறைகளின் அளவைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். கடைக்கு வந்தால் காட்டுகிறேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை மூடியிருக்கும்.